பெயர் பெறாத அணி வீரர்களை எப்படிச் சேர்க்கிறது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் குறித்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில், உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் படிக்கும் ஃபுட்பால் வீரர்கள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். அன்று மாலைக்குள், எந்தக் கல்லூரி எவ்வளவு சிறந்த வீரர்களைச் சேர்த்திருக்கிறது என்ற தரவரிசையும் வெளிவந்துவிடுகிறது. அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் ஆகிய பெயர்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும். வயோமிங், பஃபலோ, சென்ட்ரல் மிச்சிகன் ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். இதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். பெரிய அணிகள் எடுத்ததுபோக மிஞ்சியவர்களைச் சிறிய அணிகள் எடுத்துக்கொள்கின்றன என்பது ஒன்று. யார் கண்ணிலும் படாத மாணிக்கத்தைச் சிறிய அணிகள் எங்கிருந்தோ தோண்டி எடுத்துவிடுகின்றன என்பது மற்றொன்று. முதல் கூற்று, அந்தப் பயிற்சியாளர்கள் எடுக்கும் கடினமான முடிவுகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டாவது, ஆண்டுக்கணக்கில் பழகிக் கற்ற ஒரு தொழில்திறனை அதிர்ஷ்டமாகக் காட்டிவிடுகிறது. உண்மையில் நடப்பது என்ன என்பதைப் புதிதாக வருபவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே ஃபுட்பால் என்று குறிப்பிடுவது, தலைக்கவசம் அணிந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை. வீரர் சேர்ப்பு என்பது, பள்ளி வீரர்களை அடையாளம் கண்டு, மதிப்பிட்டு, தம் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைக்கும் வேலை முழுவதையும் குறிக்கும்.

தேர்ந்தெடுப்பது வீரர்தான்

தொழில்முறை ஃபுட்பாலான என்எஃப்எல் போட்டியில், புதிய வீரர்களை அணிகளுக்குப் பங்கிட டிராஃப்ட் என்னும் முறை இருக்கிறது. முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் தேர்வு கிடைக்கும். தோற்றவர்கள் எழுந்து நிற்பதற்கென்றே அந்த விதி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரி ஃபுட்பாலில் அப்படி எதுவும் இல்லை. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன் தனக்கு வந்த அழைப்புகளில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறான். அதனால், வென்ற அணிக்கே அடுத்த ஆண்டும் சிறந்த வீரர்கள் வந்து சேர்கிறார்கள்.

பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வை நினைத்துப் பாருங்கள். கட்-ஆஃப் மதிப்பெண் அதிகம் உள்ள மாணவர் முதலில் அழைக்கப்படுவார். பேர் பெற்ற கல்லூரிகளின் இடங்கள் முதல் சுற்றிலேயே நிரம்பிவிடும். பேர் பெறாத கல்லூரி கடைசிச் சுற்றுவரை காத்திருக்கும். மாணவரே தேர்ந்தெடுக்கிறார், இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு என்ற இரண்டும் ஃபுட்பாலுக்கும் பொருந்தும். ஆனால், ஃபுட்பாலில் அனைவரும் எழுதும் ஒரே தேர்வு கிடையாது. ஆகவே, அனைவரும் ஒப்புக்கொள்ளும் ஒரே மதிப்பெண்ணும் கிடையாது. மேலும், கல்லூரி காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பள்ளிகளுக்குச் சென்று பார்க்கத் தொடங்கலாம். சிறிய அணிகளின் உத்திகள் எல்லாம் இந்த இரண்டு வேறுபாடுகளிலிருந்தே பிறக்கின்றன.

இடங்களின் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் உச்சப் பிரிவுக்கு எஃப்பிஎஸ் என்று பெயர். அதில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அதற்கு அடுத்த படி எஃப்சிஎஸ். எஃப்பிஎஸ் அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்இசி, பிக் டென் போன்ற பணக்காரக் கான்ஃபரன்ஸுகளுக்கு வெளியே இருக்கும் அணிகளைத்தான் பொதுவாகச் சிறிய அணிகள் என்கிறோம். 1970-களுக்கு முன்பு வசதி படைத்த ஓர் அணி எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் உதவித்தொகை தரலாம் என்ற நிலை இருந்தது. பிறகு வரம்பு வந்தது; அது படிப்படியாகக் குறைந்து 1990-களில் 85 ஆயிற்று. 2025-இல் அது மாறி, அணியின் மொத்த வீரர் எண்ணிக்கைக்கே 105 என்ற உச்சவரம்பு பெரும்பாலான பெரிய அணிகளுக்கு வந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், பள்ளியிலிருந்து ஓர் அணி ஓர் ஆண்டில் சேர்ப்பவர்கள் ஏறத்தாழ 25 பேர்தான். நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுபவர்களோ 10 லட்சத்துக்கும் மேல். பெரிய அணிகளால் அனைவரையும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வரம்புதான் சிறிய அணிகளை உயிரோடு வைத்திருக்கிறது.

நட்சத்திரங்கள் அளப்பதும் அளக்காததும்

ஒரே மதிப்பெண் இல்லாத இடத்தில் ஒன்றை உருவாக்கும் முயற்சியே நட்சத்திரத் தரவரிசை. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற நிறுவனங்கள் பள்ளி வீரர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து நட்சத்திரங்கள்வரை வழங்குகின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால், பின்னாளில் என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் இடம்பெறக்கூடியவர் என்ற கணிப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பேருக்கே அது கிடைக்கும்.

இந்தத் தரவரிசை பொய் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மொத்தமாகப் பார்த்தால் நட்சத்திரங்கள் அதிகம் உள்ள அணிகளே அதிகம் வெல்கின்றன. ஆனால், தரவரிசை மதிப்பிடுவது பதினேழு வயதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே. அந்த வயதில் எவை தெரியாமல் போகும் என்பதை உண்மையான சிலரின் கதைகளே தெளிவாகச் சொல்லும்.

லெய்டன் வாண்டர் எஷ் பிறந்து வளர்ந்த ரிகின்ஸ், ஐடஹோ மாநிலத்தில் சுமார் 400 பேர் வாழும் ஊர். அங்குள்ள பள்ளியில் பதினொரு பேரைச் சேர்க்கவே ஆளில்லாததால், எட்டுப் பேர் ஆடும் ஃபுட்பால்தான் நடந்தது. எட்டுப் பேர் ஆட்டத்தை வைத்து ஒருவரை மதிப்பிடப் பெரிய அணிகளிடம் அளவுகோல் இல்லை. அதே மாநிலத்தின் பாய்ஸி ஸ்டேட் அணியில் அவர் வாக்-ஆனாகச் சேர்ந்தார்; அதாவது, உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம் மட்டும் பெற்றார். 2018-இல் என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் 19-ஆவது வீரராக டல்லஸ் கவ்பாய்ஸ் அணி அவரை எடுத்தது. கேம் வார்டின் நிலை வேறு. டெக்சாஸில் அவர் படித்த பள்ளி, பந்தை எறியாமல் ஓடியே முன்னேறும் ஆட்டமுறையைப் பின்பற்றியது. அவர் ஆடிய இடமோ குவார்ட்டர்பேக். அதாவது, தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர். எறிவதைக் காட்ட வாய்ப்பே கிடைக்காத அவருக்கு எஃப்சிஎஸ் பிரிவிலுள்ள இன்கார்னட் வேர்ட் என்ற ஒரே கல்லூரிதான் உதவித்தொகை தர முன்வந்தது. 2025 டிராஃப்டில் முதல் வீரராக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

ஆக, திறமை குறைவாக மதிப்பிடப்படுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு: ஒதுங்கிய ஊர், திறமையை மறைக்கும் பள்ளி ஆட்டமுறை, தாமதமான உடல் வளர்ச்சி, காயம், வேறு விளையாட்டில் செலவழித்த ஆண்டுகள். சிறிய அணி தேடுவது குறையே இல்லாத வீரரை அன்று. தன்னால் சரிசெய்யக்கூடிய குறை உள்ள வீரரை.

வயோமிங்கின் கண்

இதை நெருங்கிப் பார்க்க வயோமிங்கைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்காவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலம் அது. மொத்தம் 6 லட்சம் பேர்கூட இல்லை. உள்ளூர் வீரர்களை மட்டும் வைத்து அங்கே ஓர் அணியை நிரப்ப முடியாது. பல்கலைக்கழகம் இருக்கும் லாரமி நகரம் கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேல் உயரத்தில், கடும் குளிரும் காற்றும் உள்ள இடத்தில் இருக்கிறது. வெயிலில் வளர்ந்த ஒரு பையனை அங்கே அழைத்துவருவது எளிய காரியம் அன்று.

ஜாஷ் ஆலன் கலிபோர்னியாவின் ஃபயர்பா என்னும் சிற்றூரில், பருத்தி விளைவிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளி முடித்தபோது மெலிந்த உடல்வாகு. எந்த அணியும் உதவித்தொகை தரவில்லை. சிறு வயதிலிருந்து அவர் நேசித்த, பக்கத்திலேயே இருந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டும் தரவில்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், சேர்ந்து ஆடினார். அங்கே உயரமும் எடையும் கூடின. பிறகு தன் ஆட்டக் காட்சிகளை இணைத்து எஃப்பிஎஸ் அணிகளின் பயிற்சியாளர்களுக்குக் கட்டுக்கட்டாக மின்னஞ்சல் அனுப்பினார். முன்வந்தவை வயோமிங்கும் ஈஸ்டர்ன் மிச்சிகனும் மட்டுமே. வயோமிங்கின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் கிரெய்க் போல். 2018-இல் டிராஃப்டின் 7-ஆவது வீரராக பஃபலோ பில்ஸ் அணிக்குச் சென்ற ஆலன், 2024 பருவத்தின் என்எஃப்எல் சிறந்த வீரர் விருதையும் பெற்றார்.

இதுவரை கேட்டால் அதிர்ஷ்டக் கதை போலத்தான் தோன்றும். ஆனால் போல், வயோமிங்குக்கு வருமுன் எஃப்சிஎஸ் பிரிவில் நார்த் டகோட்டா ஸ்டேட் அணியை நடத்தி 2011 முதல் 2013 வரை மூன்று பட்டங்களை வரிசையாக வென்றவர். அவர் காலத்தில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் கார்சன் வென்ட்ஸ். அதே மாநிலத்தின் பிஸ்மார்க் நகரத்துப் பையன். ஒன்பதாம் வகுப்பில் 5 அடி 8 அங்குலமாக இருந்து, பள்ளியை முடிக்கும்போது 6 அடி 5 அங்குலமானவர். 2016 டிராஃப்டின் 2-ஆவது வீரர். பெரிய நகரங்களிலிருந்து விலகிய ஊர், தாமதமாக வந்த உயரம், பெரிய அணிகளின் அழைப்பு இல்லாமை என்று இருவருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பாருங்கள். ஒரே வகைக் குறையை ஒரே பயிற்சியாளரின் குழு இரண்டு முறை சரியாகக் கணித்திருக்கிறது என்றால், அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. அது பழகிய கண்.

இந்தக் கணிப்பு பலிக்கக் காலமும் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நெடுநாள் விதி. முதல் ஆண்டில் களமிறங்காமல் பயிற்சி மட்டும் பெறுவதை ரெட்ஷர்ட் என்கிறார்கள். எடையைக் கூட்டலாம், வலிமையைக் கூட்டலாம், நுட்பத்தைக் கற்பிக்கலாம். உயரத்தையும் கைகளின் நீளத்தையும் கூட்ட முடியாது. ஆகவே, நெடிய, ஒல்லியான பையன்களைச் சேர்த்து, ஓராண்டு உணவும் உடற்பயிற்சியும் கொடுத்து, முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்களாக ஆக்குவது சிறிய அணிகளின் பழைய வழக்கம். 2013 டிராஃப்டின் முதல் வீரரான எரிக் ஃபிஷர், சென்ட்ரல் மிச்சிகனில் அப்படி வளர்ந்த லைன்மேன்தான்.

ஆட்டமுறையும் சேர்ப்பு உத்தியே

ராணுவக் கல்லூரியான ஆர்மியின் நிலை மற்ற அனைவரையும்விட நெருக்கடியானது. அங்கே சேர்பவர் பட்டம் பெற்றதும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். ராணுவ உடற்தகுதிக்கும் பொருந்த வேண்டும். பெரிய அணிகளில் 300 பவுண்டுக்கு மேல் எடையுள்ள லைன்மேன்கள் சாதாரணம். அத்தகையவர்களை ஆர்மி எளிதில் சேர்க்க முடியாது.

அதற்கு ஆர்மி கண்ட விடை டிரிபிள் ஆப்ஷன் என்னும் ஆட்டமுறை. குவார்ட்டர்பேக் பந்தை நடுவே பாயும் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தானே வைத்துக்கொண்டு ஓடலாம், பக்கத்தில் வருபவருக்கு வீசலாம். எதிரணித் தடுப்பாளர் ஒருவரைத் தடுக்காமலேயே விட்டுவிட்டு, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துக் குவார்ட்டர்பேக் முடிவெடுப்பார். எதிரணியின் வலிமையான ஒருவரை யாரும் தொடாமலேயே ஆட்டத்திலிருந்து விலக்கிவிடும் இம்முறைக்கு, பெருத்த லைன்மேன்களைவிட விரைவாக நகரும், எடை குறைந்தவர்களே பொருத்தம். மற்ற அணிகள் உருவம் போதாது என்று ஒதுக்குபவர்கள் இந்த ஆட்டமுறைக்குச் சரியானவர்கள். ஆகவே அவர்களுக்காகப் போட்டியும் குறைவு. 2024-இல், அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, ஆர்மி பட்டத்தை வென்று 12 வெற்றி, 2 தோல்வியுடன் பருவத்தை முடித்தது.

ஆட்டமுறையை வகுத்துவிட்டு அதற்கு ஆள் தேடுவது ஒரு வழி; எந்த வகை ஆள் கிடைப்பார் என்று பார்த்து ஆட்டமுறையை வகுப்பது மற்றொரு வழி. சிறிய அணிக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் ஏற்றது என்பது என் கருத்து.

கான்சாஸ் ஸ்டேட் நுழைந்த வழி

பெரிய கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டே பெயரில்லாமல் கிடந்த அணிகளும் உண்டு. 1989-இல் பில் ஸ்னைடர் பொறுப்பேற்றபோது, கான்சாஸ் ஸ்டேட் முந்தைய இரண்டு பருவங்களில் ஓர் ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை. பள்ளிப் பையன்களிடம் பேசி வெல்ல அந்த அணியிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஸ்னைடர் ஜூனியர் காலேஜ்கள் பக்கம் பெரிதும் திரும்பினார். கான்சாஸ் மாநிலத்திலேயே பட்லர், ஹட்சின்சன், காஃபிவில் போன்ற, ஃபுட்பாலில் வலுவான இரண்டாண்டுக் கல்லூரிகள் இருந்தன. இருபது வயதில், கல்லூரி அளவில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய ஒருவரை மதிப்பிடுவது, பதினேழு வயதுப் பையனை ஊகிப்பதைவிட எளிது. அவர் உடனடியாக ஆடவும் தயாராக இருப்பார். டெக்சாஸின் பிளின் காலேஜிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் பிஷப்பின் தலைமையில் 1998-இல் அந்த அணி முதல் 11 ஆட்டங்களையும் வென்றது. உள்ளூர்ப் பையன்களையும் ஸ்னைடர் விட்டுவிடவில்லை. அவரது கான்சாஸ் ஸ்டேட்டில் 2003-இல் வாக்-ஆனாகச் சேர்ந்த ரைலி என்ற சிற்றூர்க்காரர் ஜோர்டி நெல்சன், பின்னாளில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

இடம், உடல், ஆட்டமுறை, நுழைவாயில் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில் பெரிய அணிகள் பார்க்காத பக்கத்தைப் பார்ப்பதே இதுவரை கண்ட உத்திகளின் பொதுத்தன்மை.

அழைப்பை எப்போது கொடுப்பது?

இதைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. உதவித்தொகை தருகிறோம் என்று கல்லூரி சொல்வதை ஆஃபர் என்கிறார்கள். வருகிறேன் என்று வீரர் சொல்லும் வாய்மொழிச் சம்மதம் அவரைக் கட்டுப்படுத்தாது. கையெழுத்திடும்வரை அவர் மனம் மாறலாம்.

ஒரு சிறிய அணி யாருக்கும் தெரியாத பையனைக் கண்டுபிடித்து முதலில் ஆஃபர் கொடுத்தால், அந்தச் செய்தியே பிற அணிகளுக்கு அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். கொடுக்காமல் காத்திருந்தால், முதலில் நம்பியவர்கள் என்ற நன்றியைப் பையனிடமும் பெற்றோரிடமும் பெற முடியாது. பயிற்சியாளர்களின் நேரமும் செலவுதான். வரவே வாய்ப்பில்லாத நான்கு நட்சத்திர வீரரின் பின்னால் ஆறு மாதம் அலைந்தால், வரக்கூடிய மூன்று பேரை இழக்க நேரும். இந்த இடத்தில்தான் பள்ளிப் பயிற்சியாளர்களுடன் வளர்த்த நட்பு உதவுகிறது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் உதவிப் பயிற்சியாளர் என்று பிரித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே பள்ளிகளுக்குப் போய் வருபவருக்கு, பையனின் வீட்டு நிலையும், அவன் தொலைவில் தங்கிப் படிப்பானா என்பதும், வேறு யார் வந்து பார்த்தார்கள் என்பதும் தெரிந்திருக்கும். எந்த ஆஃபரை உடனே கொடுக்கலாம், எதை நவம்பர்வரை தள்ளலாம் என்று முடிவு செய்ய அந்தத் தகவல்தான் ஆதாரம்.

2018-க்குப் பிறகு

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி காலத்தை நம்பியது. பையனைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்து, அடுத்த இரண்டு ஆண்டுகள் அவன் ஆட்டத்தின் பலனைப் பெறுவதுதான் கணக்கு. அந்தக் கணக்கின் இரண்டாம் பாதி இப்போது உறுதியில்லை.

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது; வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதியும் தரவுத்தளம் அது. முன்பெல்லாம் மாறியவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் ஒரு முறை காத்திருக்காமல் மாறலாம் என்று ஆயிற்று. 2024-இல், படிப்பில் தகுதியோடு இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆயிற்று. 2021 ஜூலையில் என்ஐஎல் நடைமுறை வந்தது. தம் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்த அனுமதித்து வீரர்கள் பணம் பெறலாம் என்பதே அது. 2025-இலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டில் ஒரு கல்லூரியின் அனைத்து விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்த உச்சவரம்பைத் தொடுவது சிறிய கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாத கனவு.

விளைவை கேம் வார்டின் பாதையில் காணலாம். அவரைக் கண்டெடுத்த பயிற்சியாளர் எரிக் மோரிஸ் 2022-இல் வாஷிங்டன் ஸ்டேட்டுக்குச் சென்றபோது வார்டும் உடன் சென்றார். இரண்டு பருவங்களுக்குப் பிறகு பெரிய அணியான மயாமிக்கு மாறினார். ஜேம்ஸ் மேடிசன் என்ற சிறிய அணியின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2023 பருவத்துக்குப் பின் இண்டியானாவுக்குச் சென்றபோது, பதின்மூன்று வீரர்கள் பின்தொடர்ந்தனர். நெடுங்காலம் தோல்விகளுக்கே பெயர் பெற்றிருந்த இண்டியானா 2024-இல் 11 ஆட்டங்களை வென்றது. வளர்த்துவிட்ட கல்லூரிகளுக்கு இது பெரிய இழப்பு. ஆயினும், வார்டு போன்ற ஒருவருக்குக் கதவு திறந்ததைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. பயிற்சியாளர்கள் எப்போதுமே விரும்பிய இடத்துக்குப் போய்வந்தவர்கள்தான்.

சிறிய அணிகள் இதற்கு ஏற்பத் தங்கள் வேலையை மாற்றி வருகின்றன. தங்களிடமிருந்து மேலே வீரர்கள் போவதைப் போல, தாங்களும் எஃப்சிஎஸ், அதற்கும் கீழான இரண்டாம் பிரிவு ஆகியவற்றின் அணிகளிலிருந்து ஆடிக் காட்டியவர்களை அழைக்கிறார்கள். பெரிய அணியில் களமிறங்க வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் வீரரை, பள்ளிக் காலத்தில் அவருடன் பழகிய அறிமுகத்தை வைத்து மீண்டும் அணுகுகிறார்கள். அன்று நம்மை மறுத்தவர்தானே என்று முகம் திருப்பிக்கொள்ளாத பயிற்சியாளருக்கு இது நல்ல வழி. ராணுவக் கல்லூரிகளில் இந்தக் கசிவு குறைவு. மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் ராணுவப் பணிக் கடப்பாடு உறுதியாகிவிடுவதால் விலகிச் செல்வது எளிதன்று.

சேர்ப்புப் பட்டியலைப் பார்க்கும்போது

அடுத்த டிசம்பரில் ஒரு சிறிய அணியின் பட்டியல் கண்ணில் பட்டால், நட்சத்திரச் சராசரியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிலவற்றைப் பாருங்கள். சேர்ந்தவர்களின் ஊர்கள் சில வட்டாரங்களில் குவிந்திருக்கின்றனவா, நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றனவா? குவிந்திருந்தால் அங்கே உறவு இருக்கிறது. உயரமும் எடையும் அந்த அணியின் ஆட்டமுறைக்குப் பொருந்துகின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலை எடுத்து, அதில் எத்தனை பேர் இன்னும் அதே அணியில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்றைய நிலையில், சேர்த்த வீரரைத் தக்கவைப்பதும் வீரர் சேர்ப்பின் பகுதியே. பாய்ஸி ஸ்டேட்டின் ஓட்டக்காரர் ஆஷ்டன் ஜென்ட்டி, பெரிய அணிகள் விரும்பி அழைக்கக்கூடிய நிலையிலும் மாறாமல் மூன்றாம் ஆண்டுக்கும் அங்கேயே இருந்தார். 2024-இல் அவர் பந்தை ஏந்தி மொத்தம் 2,601 கெஜம் ஓடினார். அவரது அணி தேசியப் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றில் மூன்றாம் தரநிலையுடன் நுழைந்தது.